உளுத்த கட்டையில் ஒளி தேடுவது எப்படி

ஒளிரும் பூஞ்சையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு இரவில் காட்டுக்குக் கிளம்புகிறார்கள். நான் பகலில் போகச் சொல்வேன். கட்டையைப் பகலில் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒளியை இரவில் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் போனால் இரண்டும் கெடும். டார்ச் எரிந்தால் ஒளி தெரியாது. அணைத்தால் கட்டை தெரியாது, காலடியில் என்ன நெளிகிறது என்பதும் தெரியாது.

என் தொழில் மரவேலை. உளுத்த மரம் கண்ணில் பட்டால் ஒதுக்கித் தள்ளுவதுதான் எங்கள் வழக்கம். உளியை வைத்து அழுத்தி, தட்டி, முகர்ந்து, இந்தக் கட்டை தேறுமா தேறாதா என்று ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லிவிடுவோம். அதே கைப்பழக்கம் இந்தத் தேடலுக்கும் உதவும். தீர்ப்பை மட்டும் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். நாற்காலிக்கு ஆகாத கட்டைதான் இங்கே முதல் தரம்.

எது ஒளிர்கிறது

மரம் ஒளிர்வதில்லை. அதைத் தின்றுகொண்டிருக்கும் பூஞ்சை ஒளிர்கிறது. பூஞ்சையின் உடல் மரத்துக்குள் மெல்லிய இழைகளாகப் பரவிக் கிடக்கும். வெளியே நாம் பார்க்கும் காளான், வித்துகளைப் பரப்புவதற்காக அது எப்போதாவது நீட்டும் உறுப்பு, அவ்வளவுதான். ஒளிரும் இனங்கள் நூற்றுக்கு மேல் அறியப்பட்டிருக்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் ஒளிர்வதில்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் கண்ணெதிரே இருப்பதையே விட்டுவிட்டு வருவோம்.

தேன்காளான் எனப்படும் ஆர்மிலேரியா வகைகளில் இழைகள்தான் ஒளிரும். காளான் இருண்டே இருக்கும். அழகான காளான் கூட்டத்தின் முன் உட்கார்ந்து இரவெல்லாம் காத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது. அதன் கீழே இருக்கும் வேரையும் கட்டையையும் பிளந்து பார்க்க வேண்டும். ஓம்ஃபலோட்டஸ் வகைகளில் குடையின் அடியில் உள்ள செதில் மடிப்புகள் ஒளிரும். ஆஸ்திரேலியாவின் பேய்க்காளான் இந்தக் குடும்பம்தான். ஜப்பான், தைவான் முதலிய இடங்களின் மழைக்காடுகளில் வளரும் மைசீனா குளோரோஃபோஸ் குடையோடு சேர்ந்து பச்சையாக ஒளிரும் சிறிய காளான். பேனெல்லஸ் ஸ்டிப்டிகஸ் விரல் நகத்தளவு விசிறி போலக் கட்டையில் அடுக்கடுக்காக முளைப்பது. இதில் ஒரு வேடிக்கை: வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இது நன்றாக ஒளிரும், ஐரோப்பாவில் அதே இனம் ஒளிர்வதில்லை. படத்தைப் பார்த்து அடையாளம் கண்டுவிட்டேன் என்று யாராவது சொன்னால், எந்த ஊர்க் கட்டை என்று கேளுங்கள்.

ஒளி எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போகும் வழிமுறைகளெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன. பூஞ்சை தன் உடலில் லூசிஃபெரின் என்ற பொருளைச் செய்கிறது. அது ஆக்சிஜனோடு சேர ஒரு நொதி உதவுகிறது. அப்போது வெளியேறும் ஆற்றல் வெப்பமாக இல்லாமல் வெளிச்சமாக வருகிறது. ஆகவே ஒளிக்கு மூன்று தேவைகள்: பூஞ்சை உயிரோடு இருக்க வேண்டும், ஈரம் இருக்க வேண்டும், காற்றுப் பட வேண்டும். மூன்றாவதை ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி 1667-லேயே காட்டிவிட்டார். ஒளிரும் மரத்துண்டைக் கண்ணாடிக் கலத்துக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்தார். ஒளி மங்கி மறைந்தது. காற்றைத் திரும்ப விட்டார், ஒளியும் திரும்பியது. ஆக்சிஜன் என்ற ஒன்று இருப்பது தெரியவருவதற்கு நூறாண்டுக்கு முன் நடந்த சோதனை அது.

கட்டையைத் தேர்ந்தெடுத்தல்

நல்ல மழை பெய்து ஓரிரு நாள் கழித்துப் போங்கள். மழையின்போதே போனால் கட்டை ஊறி, காற்று புகாமல் கிடக்கும். வெயில் காய்ந்த பிறகு போனால் பூஞ்சை உறங்கிவிட்டிருக்கும். அகன்ற இலையுள்ள மரங்களின் விழுந்த கட்டைகள், வெட்டிய அடிமரங்கள், மண்ணில் பாதி புதைந்த வேர்கள் ஆகியவற்றை முதலில் பாருங்கள். மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட எப்போதும் மேல்.

அடுத்தது மக்கின் தன்மை. மரம் பொதுவாக இரண்டு விதமாக மக்கும். ஒன்று பழுப்பு மக்கு. கட்டை செம்பழுப்பாகி, குறுக்கும் நெடுக்கும் வெடித்து, சின்னச் சின்னக் கட்டங்களாகப் பெயர்ந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும். அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். இன்னொன்று வெண்மக்கு. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினையும் பூஞ்சை தின்றுவிடுவதால் கட்டை வெளுத்து, நார் நாராகப் பிரிந்து, கையில் பஞ்சுபோல அமுங்கும். ஒளிரும் பூஞ்சைகள் இந்த வெண்மக்குக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

உளியோ பேனாக்கத்தியோ இருந்தால் நுனியை வைத்து அழுத்துங்கள். முற்றிலும் உறுதியாக நின்றால் இன்னும் காலம் ஆகவில்லை. தங்கு தடையின்றி உள்ளே போய்விட்டால் காலம் கடந்துவிட்டது, பூஞ்சை தின்று முடித்துவிட்டது. கொஞ்சம் போய், அப்புறம் எதிர்க்க வேண்டும். நல்ல மரமும் உளுத்த மரமும் சந்திக்கிற அந்த எல்லையில்தான் பூஞ்சை சுறுசுறுப்பாக வேலை செய்துகொண்டிருக்கும். ஒளியும் அங்கேதான் பலமாக இருக்கும்.

பிறகு பட்டையை நெம்பிப் பாருங்கள். அடியில் வெள்ளை விசிறி போலப் படர்ந்த பூஞ்சைப் படலம் இருந்தால் நல்ல அறிகுறி. கறுப்பு ஷூ லேஸ் போன்ற கயிறுகள் தட்டையாக ஓடினால் அது ஆர்மிலேரியா, இன்னும் நல்ல அறிகுறி. முகர்ந்து பாருங்கள். காளான் வாசனை வந்தால் எடுத்துக்கொள்ளலாம். புளித்த அழுகல் நாற்றம் வந்தால் அது பாக்டீரியாவின் வேலை, விட்டுவிடுங்கள்.

கையை நேராகக் கட்டைக்கு அடியில் விடாதீர்கள். தேள், பூரான், பாம்பு எல்லாவற்றுக்கும் அதுதான் வீடு. நீளமான குச்சியால், உங்கள் பக்கமாக உருட்டுங்கள். கட்டையே உங்களுக்குக் கேடயமாக நிற்கும். பார்த்து முடித்ததும் இருந்தபடியே திருப்பி வையுங்கள். அண்ணாந்தும் பாருங்கள்: உளுத்த அடிமரத்துக்குப் பக்கத்தில் உளுத்த கிளைகளும் தொங்கிக்கொண்டிருக்கும்.

துண்டு எடுப்பது

பாதுகாக்கப்பட்ட காடாக இருந்தால் ஒரு சிராய் கூட எடுக்காதீர்கள். அனுமதி பெற்று இரவில் அங்கேயே பாருங்கள். எடுக்க அனுமதி உள்ள இடத்தில் கைப்பிடி அளவுக்கு மேல் வேண்டாம். ஒரு பெரிய கட்டையைத் தூக்கி வருவதைவிட வெவ்வேறு கட்டைகளிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகள் எடுத்து வருவது புத்திசாலித்தனம். எது ஒளிரும் என்று பகலில் எவராலும் சொல்ல முடியாது, என்னாலும்தான்.

துண்டுகளுக்குக் காகிதச் சீட்டு ஒட்டிப் பயனில்லை. இருட்டில் படிக்க முடியாது. முதல் கட்டையின் துண்டில் கத்தியால் ஒரு வெட்டு, இரண்டாவதில் இரண்டு வெட்டு என்று அடையாளம் இடுங்கள். விரல் தடவினாலே தெரிந்துவிடும். எந்தக் கட்டை எத்தனை வெட்டு என்பதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஈரத்துணியில் தளர்வாகச் சுற்றி, துளையிட்ட பெட்டியில் கொண்டுவாருங்கள். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் பாயிலின் சோதனையை நீங்களே திரும்பச் செய்கிறீர்கள் என்று பொருள்.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு துண்டையும் பிளந்து புது முகம் வெளிவரச் செய்து, தண்ணீரை லேசாகத் தெளித்து, மூடியைத் திறந்துவைத்துச் சில மணி நேரம் விட்டுவிடுங்கள். பயணத்தில் அதிர்ந்த பூஞ்சைக்கு மூச்சுவிட நேரம் வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள், குளிர் ஒளியைக் குன்றவைக்கும். 1775-இல் டேவிட் புஷ்னெல் என்ற அமெரிக்கர் ‘ஆமை’ என்ற ஒற்றை ஆள் நீர்மூழ்கியைக் கட்டினார். உள்ளே விளக்கு எரித்தால் மூச்சுக் காற்று தீர்ந்துவிடும் என்பதால், திசைகாட்டியையும் ஆழமானியையும் இருட்டில் படிப்பதற்கு ஒளிரும் மரத்துண்டுகளைப் பொருத்தினார். பனிக்காலம் வந்ததும் அவை ஒளிர மறுத்தன, முயற்சி தடைப்பட்டது.

கண்ணைத் தயார் செய்தல்

இந்த வேலையில் பாதி கட்டையைப் பற்றியது, மீதிப் பாதி உங்கள் கண்ணைப் பற்றியது. ‘எங்கள் பக்கம் இதெல்லாம் இல்லை’ என்று சொல்பவர்களில் பலர் இருட்டில் ஐந்து நிமிடம் கூட நின்றதில்லை என்பது என் கணிப்பு.

ஜன்னல் இல்லாத அறையைத் தேர்ந்தெடுங்கள். கதவிடுக்கில் துணியை அடையுங்கள். சார்ஜரின் சிறு விளக்கு, ஸ்விட்சின் சிவப்புப் புள்ளி எல்லாவற்றையும் மூடுங்கள். கைபேசியை வெளியே வைத்துவிடுங்கள்; பையில் இருந்தால் எப்படியும் எடுப்பீர்கள். துண்டுகளை ஒரு தட்டின் விளிம்பில் கடிகார எண்களின் இடத்தில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்து உட்காருங்கள்.

குறைந்தது இருபது நிமிடம் வேண்டும். முப்பது ஆனால் நல்லது. இருட்டில் நமக்கு வேலை செய்யும் விழிச்செல்கள் கோல் வடிவமுள்ளவை. அவை முழுத் திறனை எட்ட அவ்வளவு நேரம் பிடிக்கும். ஒரு நொடி வெளிச்சம் பட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தச் செல்கள் சுமார் 500 நானோமீட்டர் அலைநீளத்தை நன்றாக உணர்பவை. பூஞ்சையின் ஒளி 520 முதல் 530 வரை உச்சம் கொள்வது. அந்த வகையில் நமக்கு அதிர்ஷ்டம்தான்.

நேராக உற்றுப் பார்க்காதீர்கள். விழித்திரையின் நடுப்புள்ளியில் கோல் செல்கள் இல்லை. துண்டுக்குச் சற்றுப் பக்கவாட்டில் பார்வையை வைத்தால் ஓரக்கண்ணில் ஒளி எழும். திரும்பி அதையே பார்த்தால் மறைந்துவிடும். பழகாதவர்களுக்கு இது எரிச்சலூட்டும். என்னோடு உட்கார்ந்து பார்த்தவர்களில் சிறு பிள்ளைகள்தான் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள். பெரியவர்கள் எதையும் முறைத்துப் பார்த்தே பழகியவர்கள்.

நிறத்தைப் பற்றி முன்பே எச்சரித்துவிடுகிறேன். படங்களில் வருகிற மரகதப் பச்சையை எதிர்பார்க்காதீர்கள். கோல் செல்களுக்கு நிறம் தெரியாது. மங்கலான ஒளி சாம்பல் வெள்ளையாக, பால் தெளித்ததுபோலத்தான் தெரியும். மிக வலுவாக ஒளிரும் இனமாக இருந்தால்தான் பச்சைச் சாயல் வரும். அதைப் பார்த்து ஏமாற்றம் அடைபவர்கள் உண்டு. எனக்கு அந்த வெளிறிய ஒளிதான் பிடிக்கும், கூட்டிச் சொல்லாத வெளிச்சம் அது.

உண்மையா, மயக்கமா

முழு இருட்டில் மனம் தானாகவே வெளிச்சங்களை உண்டாக்கும். ஆகவே பார்த்ததும் கூவாதீர்கள். கையைத் துண்டுக்கு முன்னால் மெதுவாக நகர்த்துங்கள். விரல்களின் நிழலுரு அந்த ஒளியை மறைத்துக்கொண்டு போனால் ஒளி வெளியே இருக்கிறது. மறையவில்லையென்றால் அது உங்கள் தலைக்குள் இருக்கிறது. அடுத்த சோதனைக்குத் துணை வேண்டும். அவர் சத்தமில்லாமல் தட்டைத் திருப்பி வைக்கட்டும். ‘நாலு மணிப் பக்கம் ஒளி’ என்று நீங்கள் சொல்லி, விரலால் தடவி வெட்டுகளை எண்ணுங்கள். திரும்பத் திரும்பத் திருப்பினாலும் அதே துண்டு வந்தால் சந்தேகம் இல்லை.

வெளியில் பார்க்கும்போது வேறு குழப்பங்கள் வரும். நிலவில் வெளிறிய பட்டையும் மரப்பாசியும் மின்னும். அமாவாசையை ஒட்டிப் போனால் இந்தத் தொல்லை இல்லை. மின்மினியின் புழுக்களும் கட்டைகளில் ஊர்ந்து ஒளிர்பவை. ஆனால் அவற்றின் ஒளி சிறு புள்ளியாக இருக்கும், இடம் மாறும். பூஞ்சையின் ஒளி பரப்பாக, ஒரே சீராக, சிமிட்டாமல் நிற்கும். புற ஊதா டார்ச்சை அடித்து ‘ஒளிர்கிறது பார்’ என்று காட்டுகிறவர்களை நம்ப வேண்டாம். அது வெளியிலிருந்து விழும் ஒளியைத் திருப்பித் தருவது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிரேசிலில் 1839-இல் ஜார்ஜ் கார்ட்னர் என்ற தாவரவியலாளர் ஓர் ஊரின் தெருவில் இரவில் சிறுவர்கள் ஒளிரும் பொருளை வைத்து விளையாடுவதைப் பார்த்து, பெரிய மின்மினி என்றே முதலில் நினைத்தார். அது குட்டைப் பனையின் மட்கிய ஓலையில் முளைத்த காளான்; உள்ளூரார் அதற்குத் தென்னம்பூ என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார்கள். இன்று அதன் அறிவியல் பெயர் நியோனோதோபானஸ் கார்ட்னெரி. 2015-இல் வெளிவந்த ஆய்வில், இந்தக் காளானின் ஒளி உள்கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு இரவில் கூடுகிறது என்று கண்டார்கள். பச்சை விளக்கு வைத்து, பிசினால் செய்த போலிக் காளான்களைக் காட்டில் நட்டுவைத்தபோது, விளக்கில்லாதவற்றைவிட அவற்றில் அதிகப் பூச்சிகள் வந்து ஒட்டின. வித்துகளைப் பரப்பப் பூச்சிகளை அழைக்கிற வழி என்று அதை விளக்குகிறார்கள். சரி, மரத்துக்குள் புதைந்து கிடக்கும் இழை யாருக்காக ஒளிர்கிறது? அது இன்னும் வாதத்தில்தான் இருக்கிறது.

இரவில் காட்டில்

எந்தக் கட்டை என்று பகலில் முடிவு செய்தாயிற்றென்றால் இரவுப் பயணம் எளிது. போகும் வழிக்கு வெள்ளை டார்ச், சேர்ந்த பிறகு சிவப்பு டார்ச். கோல் செல்கள் சிவப்பைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர் பேண்டால் கட்டினாலும் போதும். தனியாகப் போக வேண்டாம். உட்காரும் இடத்தை முதலில் வெள்ளை வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்துவிட்டு அணையுங்கள். இருட்டில் எழுந்து நடமாட வேண்டாம். நகர வேண்டுமென்றால் விளக்கைப் போடுங்கள், கண் மறுபடி பழகட்டும். அரைமணி நேரம் போனால் போகட்டும்.

வளர்த்தெடுத்தல்

ஒளிரும் துண்டு கிடைத்துவிட்டால், ஈரமான மரத்தூள் பரப்பிய கண்ணாடிக் குடுவையில் வைத்து மூடியைத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். நேர் வெயில் கூடாது. காய்ந்தால் தெளியுங்கள், தண்ணீர் தேங்கவிடாதீர்கள். நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஒளிரும். மங்கினால் மேற்பரப்பை உளியால் லேசாகச் சீவிப் பாருங்கள், உள்ளே ஒளி மிச்சம் இருக்கக்கூடும். பச்சைப் பூசணம் படர்ந்தால் அந்தத் துண்டைக் குடுவையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கிடைக்கவே இல்லையென்றால் பேனெல்லஸ் ஸ்டிப்டிகஸ் பூஞ்சையைப் படரவிட்ட மர ஆப்புகளைக் காளான் வித்து விற்பவர்களிடம் வாங்கலாம். ஒளிரும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். நோயில்லாத, அண்மையில் வெட்டிய, அகன்ற இலை மரத்தின் கட்டையில் ஆப்பின் பருமனுக்கே துளையிடுங்கள். துளைக்குத் துளை ஒரு சாண் இருக்கட்டும். ஆப்பைச் சுத்தியலால் மேற்பரப்பு மட்டத்துக்கு இறக்கி, உருக்கிய மெழுகால் மூடி, நிழலில் மண்ணைத் தொடுமாறு கிடத்துங்கள். துளை பெரிதாகி ஆப்பு ஆடினால் ஓரத்தில் காய்ந்துவிடும். மரவேலைக்காரனாக இதை அழுத்திச் சொல்கிறேன்: அதைவிடச் சிறிய துளை மேல். கட்டை முழுக்கப் படர மாதங்கள் ஆகும், ஓராண்டும் ஆகலாம். பொறுமை இல்லாதவர்கள் இரண்டு ஆப்புகளைக் குடுவையில் ஈரக் காகிதத்தின் மேல் வைத்துக்கொண்டு அதன் ஒளியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஆர்மிலேரியாவைத் தோட்டத்தில் வளர்க்கவே வேண்டாம். அது உயிருள்ள மரங்களையும் கொல்லும். அமெரிக்காவின் ஒரேகனில் மால்ஹியர் காட்டில் இந்த இனத்தின் ஒரே பூஞ்சை ஏறத்தாழ 965 ஹெக்டேர் நிலத்தடியில் படர்ந்திருக்கிறது. வழியில் இருந்த மரங்களின் வேர்கள்தான் அதற்குத் தீனி.

எந்த ஒளிரும் காளானையும் வாயில் வைக்காதீர்கள். ஓம்ஃபலோட்டஸ் வகைகள் கடும் வாந்தியும் வயிற்றுவலியும் தரும். ஜப்பானில் அதன் ஓர் இனத்தைச் சாப்பிடும் காளான் என்று நினைத்துச் சமைத்து அவதிப்படுவது இன்றும் நடக்கிறது.

படம் எடுக்க வேண்டுமென்றால்

முக்காலி கட்டாயம். முதலில் டார்ச் அடித்துக் கையால் குவியத்தைச் சரிசெய்து, தானியங்கிக் குவியத்தை அணைத்துவிட்டு, பிறகு இருட்டாக்குங்கள். லென்ஸை முடிந்தவரை திறந்து, ஒளியுணர்வை (ஐ.எஸ்.ஓ.) 1600 அல்லது 3200 வைத்து, இரண்டு நிமிடம் ஒளியை வாங்கவிடுவதில் தொடங்குங்கள். மங்கலான கட்டைக்குப் பத்து நிமிடம் கூடத் தேவைப்படும். கைபேசியின் இரவு முறை பளிச்சென்று ஒளிரும் காளானைப் பிடிக்கும், மக்கிய கட்டையைப் பெரும்பாலும் பிடிக்காது. கேமராவின் திரையைக் கறுப்புத் துணியால் மூடுங்கள், இல்லையென்றால் உங்கள் கண்ணும் பக்கத்தில் இருப்பவர் கண்ணும் போயிற்று. படத்தில் பச்சை வரும். அது பொய்யில்லை, கேமராவுக்கு நிறம் தெரியும், நமக்குத்தான் தெரியவில்லை. ஆனால் அதை மேலும் கூட்டி நியான் விளக்காக்கிப் பகிர்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அந்தப் படத்தை நம்பிப் போகிறவர் உண்மையான ஒளியைக் கடந்து நடந்துவிடுவார்.

ஒளி தீர்ந்த துண்டுகளை எடுத்த காட்டின் சருகுக்குள்ளேயே திருப்பிப் போடுங்கள். கறுப்புக் கயிறு ஓடிய துண்டாக இருந்தால், உயிருள்ள மரங்களின் வேருக்கு அருகில் போகாமல், எடுத்த அதே கட்டையின் மேல் வைத்துவிட்டு வாருங்கள். அங்கே போக முடியாவிட்டால் நன்றாகக் காயவைத்து அடுப்பில் போட்டுவிடுங்கள்.